பல் போன இடத்தை நிரப்பும் வழிகள்: ஒரு பயனாளியின் மதிப்பாய்வு

விழுந்த அல்லது பிடுங்கப்பட்ட பல்லின் இடத்தை நிரப்பப் பல் மருத்துவர்கள் இன்று முன்வைக்கும் வழிகள் அடிப்படையில் மூன்று: கழற்றி மாட்டும் பல் செட், பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு ஒட்டப்படும் பிரிட்ஜ், தாடை எலும்புக்குள் திருகப்படும் இம்ப்ளாண்ட். இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எது அதிக நாள் உழைக்கும், எது பார்வைக்கு இயல்பாக இருக்கும், எதற்கு எவ்வளவு செலவாகும் என்பதோடு நின்றுவிடுகிறது. என் தாயாருக்காகவும் எனக்காகவும் இவற்றைப் பற்றிப் படித்தும் கேட்டும், வைத்துக்கொண்டவற்றைப் பல ஆண்டுகள் பராமரித்தும் வந்தபின், வேறொரு கேள்வியே முதலில் கேட்கப்பட வேண்டியது என்று கருதுகிறேன். ஒவ்வொரு வழியும் தன்னை நிலைநிறுத்திக்கொள்வதற்காக, வாயில் மீதமிருக்கும் நல்ல பல்லிலிருந்தும் எலும்பிலிருந்தும் எதை எடுத்துக்கொள்கிறது? அப்படி எடுத்ததைப் பின்னால் மீட்க முடியுமா? இந்த அளவுகோலை வைத்தே ஒவ்வொன்றையும் இங்கே மதிப்பிடுகிறேன்.

பல்லைப் பிடுங்கியபின் தாடை அதே நிலையில் காத்திருப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வேரைச் சுற்றியிருக்கும் எலும்பு அந்த வேரைத் தாங்குவதற்காகவே அங்கு இருக்கிறது; வேர் போனதும் உடல் அதைக் கரைக்கத் தொடங்குகிறது. கடைவாய்ப் பகுதியில் எலும்பு மேட்டின் அகலம் ஓர் ஆண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும் என்றும், அந்த இழப்பின் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்றும் அளந்து கண்டிருக்கிறார்கள். ஆகவே அந்த இடத்தில் என்ன வைக்கப்போகிறோம் என்ற பேச்சு, பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே நடக்க வேண்டியது. இம்ப்ளாண்ட் வைக்கும் எண்ணம் இருந்தால், பிடுங்கிய குழியில் அப்போதே எலும்புத் துகள்களை நிரப்பி மேட்டின் அகலத்தை ஓரளவு காப்பாற்ற முடியும். ஆண்டுகள் கழித்துப் போனால் அதே இடத்தில் எலும்பை வளர்க்கத் தனி அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இதற்கும் முந்தைய கேள்வி, அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா என்பது. வேர் சிகிச்சை செய்து மேலே கேப் போட்டால் நிற்கக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு அதைவிடச் சிறந்ததொன்றை வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால், இன்னொரு மருத்துவரையும் கேட்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும். சொந்தப் பல்லுக்கு நிகரான பொருள் எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மூன்று வழிகளோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: இடத்தை நிரப்பாமலே விட்டுவிடுவது. சிகிச்சைக்குப் போகும் இடங்களில் இது வாய்விட்டுச் சொல்லப்படுவது அரிது. நெதர்லாந்தின் நைமேகன் நகரைச் சேர்ந்த அர்ன்ட் கேய்ஸர் 1981இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பின்வரிசைக் கடைவாய்ப்பற்கள் இல்லாவிட்டாலும் முன்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும், ஆக 20 பற்கள், ஒன்றையொன்று சந்தித்துக் கடித்தால் பெரும்பாலோருக்கு மெல்லவும் பேசவும் அது போதும் என்ற கருத்து பல் மருத்துவத்தில் நிலைபெற்றது. 1989இல் ஜப்பான் தொடங்கிய, 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்ற இயக்கமும் அந்த எண்ணிக்கையையே இலக்காகக் கொண்டது. ஆகவே முதியவர் ஒருவருக்குக் கடைசிக் கடைவாய்ப்பல் மட்டும் போயிருந்து, மெல்வதில் அவருக்குக் குறை எதுவும் இல்லையென்றால், அதை அப்படியே விடுவது அலட்சியமாகாது. நன்கு சிந்தித்து எடுக்கப்பட்ட முடிவாகவே இருக்கலாம். ஆனால் இளம் வயதில் முதல் கடைவாய்ப்பல் போனவரின் நிலை வேறு. பக்கத்துப் பல் காலியிடத்தை நோக்கிச் சாய்வதும், எதிர்த்தாடைப் பல் கடிக்கத் துணையின்றிக் கீழிறங்கி அல்லது மேலெழுந்து வருவதும் பல ஆண்டுகளில் நடக்கக்கூடியவை. அப்படி நகர்ந்தபின் எந்த வழியைத் தேர்ந்தாலும் வேலை கடினமாகிவிடும். விட்டுவிடுவதென்று முடிவு செய்தாலும், பக்கத்துப் பற்கள் நகர்கின்றனவா என்று அவ்வப்போது அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

கழற்றி மாட்டும் பல் செட்டைப் பழங்காலத்துப் பொருள் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாயிலிருந்து மிகக் குறைவாக எடுத்துக்கொள்ளும் வழி இதுதான்: எலும்பில் துளையில்லை, பக்கத்துப் பல்லில் அராவல் இல்லை அல்லது மிகச் சிறிதளவே இருக்கிறது, பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம். ஆனால் செட் என்ற ஒரே பெயரில் தரத்தில் பெரிதும் வேறுபட்ட பொருள்கள் உலவுகின்றன. சில பற்களுக்கு மட்டும் செய்யப்படும் அக்ரிலிக் செட் விரைவில் கிடைக்கும், எளிதில் பழுது பார்க்கலாம், பின்னால் இன்னொரு பல் போனால் அதையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதன் எடையும் கடிவிசையும் முழுக்க ஈறின்மேல் விழுகின்றன. தட்டின் ஓரம் உறுத்தும் இடத்தில் ஈறு இறங்கிக்கொண்டே போகும். கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் வார்த்த சட்டம் உள்ள செட்டில், மீதமிருக்கும் பற்களின் மேற்பரப்பில் பதிந்து நிற்கும் சிறு தாங்கிகள் இருப்பதால் விசையின் ஒரு பகுதி பற்களுக்குப் போகிறது. தட்டும் மெல்லியதாக இருப்பதால் நாக்குக்கு இடம் மிஞ்சுகிறது. நீண்ட நாள் அணியப்போகிற செட் என்றால் இந்த வார்ப்புச் சட்டத்துக்கான கூடுதல் செலவு முற்றிலும் நியாயமானது என்பது என் உறுதியான கருத்து.

வளையும் நைலான் செட் பற்றி மட்டும் எச்சரிக்கையோடு பேச வேண்டியிருக்கிறது. உலோகக் கொக்கி வெளியே தெரியாது, எளிதில் உடையாது, இதமாக இருக்கும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அதன் வழக்கமான அமைப்பில் பல்மேல் பதியும் தாங்கி இல்லாததால், கடிக்கக் கடிக்க அது ஈறுக்குள் அமிழ்கிறது. எலும்பு கரைந்து தளர்ந்தபின் உள்பக்கம் புதிய அடுக்குப் போட்டு இறுக்குவதும், தேய்த்துச் சரிசெய்வதும் அக்ரிலிக்கில் போல எளிதல்ல. முன்பல் ஒன்றிரண்டுக்கு இடைக்கால ஏற்பாடாக அது பொருத்தமானது. இரு பக்கமும் கடைவாய்ப்பற்கள் இல்லாதவருக்கு நிரந்தரத் தீர்வாக அதைப் பரிந்துரைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பற்கள் எல்லாமே போனவருக்கான முழுச் செட்டில், மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள வேற்றுமையை முன்கூட்டியே அறிந்திருப்பது பின்னால் வரும் ஏமாற்றத்தை வெகுவாகக் குறைக்கும். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, எச்சிலின் மெல்லிய படலத்தால் உறிஞ்சப்பட்டு நிற்கிறது; சரியாக அளவெடுத்துச் செய்த மேல் செட்டோடு பெரும்பாலோர் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. குதிரைலாட வடிவ மேட்டின்மேல் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. நாக்கும் கன்னத் தசையும் ஒவ்வோர் அசைவிலும் அதைத் தூக்குகின்றன. அது உட்காரும் மேடோ ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போகிறது. முழுச் செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து அளந்து 1972இல் வெளியான ஆய்வொன்றில், கீழ்த்தாடையின் எலும்பு மேடு மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு குறைந்திருந்தது. கடிவிசையும் இயற்கைப் பற்கள் உள்ளவரோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்குக்கு அருகிலோ அதற்கும் கீழோதான் கிடைக்கும். என் தாயார் மேல் செட்டைக் குறையின்றி அணிந்தார். கீழ் செட்டோ பேசும்போது எழும்பியது, மெல்லும்போது நழுவியது, நாளடைவில் உணவு வேளையில் அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவதே அவருக்கு வழக்கமாயிற்று. மறுபடி மறுபடி அளவெடுத்துப் புதிதாகச் செய்வதால் தீரும் சிக்கல் அல்ல இது என்பதையும், உட்காரும் இடமே போதவில்லை என்பதையும் ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் எங்களுக்கு வழி புலப்பட்டது. அந்த வழி என்ன என்பதை இம்ப்ளாண்ட் பகுதியில் சொல்கிறேன்.

செட் அணிபவருக்கு யாராவது கட்டாயம் சொல்லித்தர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரவில் அதைக் கழற்றிவிட்டுத்தான் தூங்க வேண்டும். கழற்றாமல் தூங்குபவர்களின் அண்ணத்தில் கேண்டிடா என்ற பூஞ்சையால் சிவந்த அழற்சி வருவது மிகச் சாதாரணம். இது வாயோடு முடிவதில்லை: ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. பற்பசையின் உராய்வு அக்ரிலிக்கில் கீறல் போட்டு அழுக்குக்கு இடம் தருவதால், மென்மையான சோப்பும் அதற்கென ஒதுக்கிய தூரிகையும் போதும். கொதிநீரில் போட்டால் வடிவம் மாறிவிடும். தளர்ந்த செட்டைப் பசை போட்டே காலம் தள்ளுவதும் நல்லதல்ல. துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறிப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து நரம்புப் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. தளர்ச்சி தெரிந்தால் உள்பக்கத்தில் புதிய அடுக்குப் போட்டு ஈறோடு பொருந்தச் செய்வதே சரியான பரிகாரம்.

பிரிட்ஜை மதிப்பிடும்போது என் அளவுகோல் மிகக் கடுமையாகிறது. காலியிடத்தின் இரு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் அராவிச் சிறிதாக்கி, அவற்றின்மேல் போடும் கேப்புகளுக்கு நடுவே போலிப் பல்லை இணைத்து ஒரே துண்டாக ஒட்டுவதுதான் வழக்கமான பிரிட்ஜ். விரைவில் முடிந்துவிடுகிறது, அறுவை சிகிச்சை இல்லை, ஒட்டிய அன்றே தன் பல் போன்ற உணர்வு வந்துவிடுகிறது. இவை பெரிய நன்மைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் முழுக் கேப்புக்காக அராவும்போது, பல்லின் வெளியே தெரியும் பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரை போய்விடக்கூடும். எனாமல் மீண்டும் வளராது. ஒரு பல் போனதற்காக, குறையே இல்லாத இரண்டு பற்களின் மேலுறையை நிரந்தரமாக இழப்பதென்பது சாதாரண விலையல்ல; அராவப்பட்ட பற்களில் ஒரு பகுதியின் உட்கூழ் பின்னாளில் செத்து, கேப்பின் வழியாகவே துளையிட்டு வேர் சிகிச்சை செய்ய வேண்டிய நிலையும் வருகிறது.

இதற்கு நேர்மாறான சூழ்நிலையும் உண்டு. பக்கத்துப் பற்கள் இரண்டிலும் ஏற்கெனவே பெரிய அடைப்புகளோ பழைய கேப்புகளோ இருந்து, எப்படியும் அவற்றுக்குப் புதிய கேப் போட வேண்டியிருந்தால், பிரிட்ஜ் புதிதாக எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. அப்போது அது அறிவார்ந்த தேர்வு. இம்ப்ளாண்டை விடச் சிறந்ததாகவும் இருக்கலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வழக்கமான பிரிட்ஜ்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 89, 10 ஆண்டுகள் கழித்தும் வாயில் இருந்தன. இது மட்டமான கணக்கே அல்ல. ஆனால் பிரிட்ஜ் தோற்கும் விதம்தான் கவலைக்குரியது: ஒரு பக்கத்தில் ஒட்டு விட்டுப்போனாலும் மறுபக்கம் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே எச்சிலும் கிருமியும் புகுந்து சொத்தை சத்தமின்றிப் பரவும், தெரியவரும்போது தாங்கிய பல்லையே இழக்க நேரும். ஆகவே போலிப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே தனி நூலை நுழைத்துத் தினமும் சுத்தம் செய்ய முடியாதவருக்குப் பிரிட்ஜ் பொருந்தாது. நடுவில் இரண்டு மூன்று பற்கள் இல்லாத நீண்ட இடைவெளியைத் தாண்டும் பிரிட்ஜ்களிடமும் எனக்கு நம்பிக்கை குறைவு. நீளம் கூடக்கூட வளைவும், தாங்கும் பற்களின்மேல் பளுவும் கூடுகின்றன.

இந்த மதிப்பாய்வில் நான் மிக விரும்பிப் பேசும் வழி, பலரும் பெயரே கேட்டிராத ஒன்று. 1973இல் ரோஷெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் துளையிட்ட உலோக இறக்கையைப் பல்லின் பின்புறத்தில் பிசினால் ஒட்டும் முறையை விவரித்தார். பின்னர் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மேம்படுத்தப்பட்டதால் அது மேரிலாந்து பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. பக்கத்துப் பல்லை அராவாமல், அல்லது பின்புறத்தில் லேசாகத் தொட்டுவிட்டு, மெல்லிய இறக்கையை எனாமலின்மேல் ஒட்டி, அதிலிருந்து போலிப் பல்லைத் தொங்கவிடுகிறார்கள். தொடக்கத்தில் இரண்டு பக்கமும் இறக்கை வைத்தார்கள். முன்பற்களில் ஒரே பக்கம் இறக்கை வைப்பதே நன்றாக நிற்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. இரு பற்களும் கடிக்கும்போது தனித்தனியே அசைவதால் இரண்டையும் பிணைக்கும்போது ஏதோ ஒரு பக்கம் விடுபடுகிறது. ஒன்றில் மட்டும் ஒட்டினால் அந்த இழுபறி இல்லை. இப்போது ஸிர்கோனியா என்ற வெண்ணிறப் பீங்கானில் செய்வதால் உலோகத்தின் சாம்பல் நிழலும் முன்பல்லில் தெரிவதில்லை. இது தோற்றால் எப்படித் தோற்கிறது என்று பாருங்கள்: கழன்று கையில் வருகிறது, சுத்தம் செய்து மறுபடி ஒட்டுகிறார்கள், பல்லுக்குச் சேதமில்லை. ஒற்றை முன்பல் இழந்த, பக்கத்துப் பல் ஆரோக்கியமாக உள்ள எவரும் வேறு எதற்கும் ஒப்புக்கொள்வதற்கு முன் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். அழுத்தமாகக் கடிப்பவருக்கும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கும், எனாமல் போதாத பல்லுக்கும் இது ஒத்துவராது. கடைவாய்ப்பல் இடத்திலும் இதன் பயன் குறைவு.

இளையோருக்கு இதன் மதிப்பு இன்னும் அதிகம். தாடை வளர்ச்சி முடியாத வயதில் இம்ப்ளாண்ட் வைத்தால், சுற்றியுள்ள பற்கள் வளர்ச்சியோடு நகர, எலும்போடு இறுகிப்போன இம்ப்ளாண்ட் மட்டும் அதே இடத்தில் நின்றுவிடும். சில ஆண்டுகளில் அந்தப் பல் பக்கத்துப் பற்களைவிட உயரத்தில் ஏறித் தங்கிவிட்டதுபோல் தெரியும். விளையாட்டில் முன்பல்லை இழந்த பதின்வயதினருக்கு, வளர்ச்சி முடியும்வரை இந்த ஒட்டுப் பிரிட்ஜ் ஒரு நல்ல காவல். பலருக்கு அதுவே அதன்பிறகும் போதுமானதாகிவிடுகிறது.

இம்ப்ளாண்டின் வரலாறு, அதன் இயல்பைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களின் தொடக்கத்தில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டேனியக் குழல்களைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். முடிவில் எடுக்க முயன்றபோது அவை எலும்போடு ஒன்றிப் போயிருந்தன. அதிலிருந்து பிறந்த முறையை 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகச் செய்தார். அந்த இம்ப்ளாண்டுகள் லார்சன் 2006இல் மறையும்வரை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்தன. டைட்டேனியத்தின் மேற்பரப்பில் இடைவெளியின்றி எலும்பு வளர்ந்து படிவதுதான் இதன் முழு ரகசியம். அந்த வளர்ச்சிக்குக் காலம் வேண்டும். பழைய முறையில் கீழ்த்தாடைக்கு ஏறத்தாழ 3 மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு 6 மாதமும் காத்திருந்தார்கள். இன்றைய மேற்பரப்புகள் அந்தக் காலத்தைக் குறைத்திருந்தாலும் முற்றிலும் நீக்கிவிடவில்லை.

என் கீழ்க் கடைவாயில் ஒரு பல்லுக்கு இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டேன். இரு பக்கத்துப் பற்களும் பழுதற்றவை. அவற்றை அராவ எனக்கு மனமில்லை. அந்த வகையில் இம்ப்ளாண்ட் தன் வாக்கைக் காப்பாற்றியது: பக்கத்துப் பற்களை யாரும் தொடவில்லை, மெல்லும்போது எந்தப் பக்கம் என்று நினைவு வைக்க வேண்டியதில்லை. ஆனால் விளம்பரங்கள் சொல்லாத வேற்றுமைகளும் இருக்கின்றன. இயற்கைப் பல்லை எலும்போடு இணைக்கும் நார்ச்சவ்வு இதற்கு இல்லாததால், கடியின் அழுத்தத்தை நுட்பமாக உணர முடிவதில்லை. அதனால்தான் மருத்துவர்கள் எதிர்ப்பல்லோடு அது எவ்வளவு அழுத்தமாகச் சந்திக்கிறது என்பதை அவ்வளவு கவனமாகத் திருத்துகிறார்கள். கடைவாய்ப்பல்லின் அகன்ற கழுத்துக்குப் பதில் மெல்லிய தண்டு ஈறிலிருந்து மேலெழுவதால் பக்கவாட்டில் உணவு அதிகம் சிக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல முன்னாலுள்ள இயற்கைப் பல் மெல்ல நகர்ந்து நடுவில் சந்து விழுவதும் உண்டு. பல்லிடைத் தூரிகை இன்றி ஒரு நாளும் கழிவதில்லை.

எண்களைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். 10 ஆண்டுகளில் இம்ப்ளாண்ட் நிலைத்திருக்கும் விகிதம் நூற்றுக்கு 95 அளவில் இருப்பதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது எலும்புக்குள் உள்ள திருகின் கணக்கு. மேலே உள்ள பல்லுக்கு அதே காலத்துக்கான கணக்கு ஏறத்தாழ 89. அதாவது பிரிட்ஜுக்குச் சமம். நிலைத்திருக்கிறது என்பதும் தொல்லையின்றி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல: திருகு தளர்வது, பீங்கான் சில்லு பெயர்வது ஆகியவை இக்கணக்கில் இழப்பாகச் சேராது. எல்லாவற்றிலும் கடுமையானது இம்ப்ளாண்டைச் சுற்றி வரும் அழற்சி. ஈறுநோயைப் போலவே தொடங்கி, வலியே இல்லாமல் எலும்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும். அதை நிறுத்துவது இயற்கைப் பல்லில் ஈறுநோயை நிறுத்துவதைவிடக் கடினம். ஈறுநோயால் பல்லை இழந்தவர், அந்த நோயை முதலில் அடக்காமல் இம்ப்ளாண்ட் வைத்தால், பல்லைக் கொன்ற காரணத்தையே புதிய திருகுக்கும் விட்டுவைக்கிறார். புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் ஆபத்து கூடும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்பொனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகளை எடுத்தவர்களும், தாடையில் கதிர்வீச்சு பெற்றவர்களும் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் அவர்களுக்கு உண்டு.

ஒற்றைப் பல்லுக்கு இம்ப்ளாண்ட் நல்லதொரு வழி. ஆனால் அது ஒருவரின் வாழ்க்கையையே மாற்றிவிடுவது, எல்லாப் பற்களையும் இழந்தவரின் கீழ்த்தாடையில்தான். கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்ப்ளாண்டுகள் வைத்து, அவற்றின் தலையில் பொத்தான்போல் அழுந்திப் பொருந்தும் பிடிப்புகளோடு கீழ் செட்டைச் செய்யலாம். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு வழக்கமான செட்டைவிட இதையே முதல் தேர்வாக வழங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். என் தாயாருக்கு நாங்கள் இறுதியில் செய்தது இதுதான். பற்களெல்லாம் நிலையாக ஒட்டப்பட்டவையாக இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததில்லை. செட் எழும்பாமல் நிற்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. அது கிடைத்தது. வெளியே கழற்றிக் கழுவுவதால் அவரே அதைச் சுத்தம் செய்ய முடிகிறது. கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ள முதியவருக்கு இது மிக முக்கியமான தகுதி. திருகி இறுக்கிய முழு வரிசையின் அடியில் தூரிகை நுழைப்பது அவர்களால் ஆகாது. பிடிப்புக்குள் இருக்கும் சிறு நைலான் வளையம் தேயும்போது மாற்ற வேண்டியிருக்கிறது. அதைத் தவிரப் பெரிய பராமரிப்பு இல்லை.

நான்கு இம்ப்ளாண்டுகளின்மேல் முழு வரிசையையும் நிலையாகத் திருகும் முறையும் நன்கு நிறுவப்பட்டதே. பின்புற இம்ப்ளாண்டுகளைச் சாய்த்து வைப்பதால் மேலே சைனஸையும் கீழே நரம்பையும் தவிர்த்து, எலும்பு வளர்க்கும் அறுவையின்றியே பலருக்கு முடித்துவிடலாம். ஆனால் ஒரே நாளில் பற்கள் என்று சொல்லும்போது, அன்று பொருத்தப்படுவது பெரும்பாலும் தற்காலிக வரிசை என்பதையும், எலும்பு இறுகும் மாதங்களில் மென்மையான உணவோடு இருக்க வேண்டும் என்பதையும், பின்னர் இறுதி வரிசைக்குத் தனியே வர வேண்டும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். ஒரே வரிசையாக்குவதற்காக, இன்னும் ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடிய சொந்தப் பற்களையும் பிடுங்கச் சொல்கிறார்களா என்பது இங்கே கேட்டே தீர வேண்டிய கேள்வி. வேர் உறுதியாக உள்ள இரண்டு சிங்கப்பற்களைக்கூட ஈறு மட்டத்துக்குக் குறைத்து, அவற்றின்மேலே செட்டை உட்கார வைக்கலாம். அந்த வேர்கள் இருக்கும்வரை சுற்றியுள்ள எலும்பு கரைவது வெகுவாகத் தணிகிறது.

எந்த மருத்துவரிடம் போனாலும் சேவையின் தரத்தை நான் சில செயல்களால் அளக்கிறேன். முதல் சந்திப்பில் ஈறின் ஆழத்தைப் பல் பல்லாக அளந்து குறிக்கிறாரா? சொத்தையையும் ஈறுநோயையும் முதலில் முடித்துவிட்டுத்தான் புதிய பல்லைப் பற்றிப் பேசுகிறாரா? இம்ப்ளாண்டைப் பரிந்துரைக்கும்போது, எலும்பின் அகலத்தையும் கீழ்த்தாடை நரம்பின் இடத்தையும் முப்பரிமாண எக்ஸ்ரேயில் காட்டி விளக்குகிறாரா? செட் என்றால் மெழுகில் பற்களை நிறுத்தி, இறுதியாக்கும் முன் வாயில் வைத்து, பேசிக் காட்டச் சொல்லி, முகத்தோற்றத்துக்கு ஒப்புதல் கேட்கிறாரா? இம்ப்ளாண்டின் மேல் பல்லைத் திருகி இறுக்குவாரா, சிமெண்டால் ஒட்டுவாரா என்பதும் கேட்கத்தக்கது. ஒட்டும்போது ஈறுக்கடியில் வழிந்து தங்கும் சிமெண்ட் துகளே அழற்சிக்குக் காரணமாவது உண்டு, திருகியதைத் தேவைப்பட்டால் கழற்றிப் பார்க்கலாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரம் ஒதுக்குபவரிடம் எந்த வழியைத் தேர்ந்தாலும் நம்பிச் செய்துகொள்ளலாம்.

சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது, இம்ப்ளாண்ட் எந்த நிறுவனத்தின் எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர் விட்டம், எவ்வளவு நீளம் என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, மற்ற மருத்துவ ஆவணங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். திருகுக்குரிய திருப்பி பெரும்பாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் அது தளர்ந்தால், அந்த அட்டை இல்லாமல் அங்குள்ள மருத்துவர் எக்ஸ்ரேயின் வடிவத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும்.